டைவர்டிகுலம் ரத்தக்கசிவு: பையைக் கண்டுபிடித்துக் கிளிப் போடுவது எப்படி

பெருங்குடல் டைவர்டிகுலத்தில், அதாவது குடல் சுவர் பிதுங்கி உண்டாகும் சிறு பையில், வரும் ரத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் சின்ன உலோகக் கவ்வி) போதும்; சில நேரம் இரண்டு. அதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. எந்தப் பையில் போடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் நேரமும் பொறுமையும் போகிறது. கொலோனோஸ்கோபி (ஸ்கோப் என்கிற கேமராக் குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) புதிதாகப் பழகும் பிஜி மாணவர்களுக்கும், சின்ன ஊர்களில் தனியாக எண்டோஸ்கோபி யூனிட் நடத்தும் இளம் மருத்துவர்களுக்கும், பக்கத்தில் நிற்கும் சிஸ்டர், டெக்னீஷியன்களுக்கும் இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தாலும் நல்லதுதான். அத்தனை லிட்டர் பவுடர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி ஏன் உயிரை வாங்குகிறோம் என்று அவர்களுக்குப் புரியும்.

முதலில் எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பார்த்துவிடுவோம். பெருங்குடலின் தசைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வாசா ரெக்டா என்கிற சிறு தமனிகள் உள்ளே வருகின்றன. அவை நுழையும் இடங்களில் சுவர் பலவீனமாக இருக்கும். வயதாக ஆக, அந்த இடங்களில் சளிப்படலம் வெளிப்பக்கமாகப் பிதுங்கிப் பட்டாணி அளவுக்கு ஒரு பை ஆகிவிடுகிறது. தமனி இப்போது அந்தப் பையின் சுவரை ஒட்டியே ஓடுகிறது. தமனிக்கும் குடலின் உட்புறத்துக்கும் நடுவே மெல்லிய சளிப்படலம் மட்டும்தான். அது அரித்துப்போனால் ரத்தம் பீறிடும். பீறிடும் இடம் பையின் கழுத்தாக இருக்கலாம், அடிப்பகுதியாகவும் இருக்கலாம். கழுத்தா அடியா என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறுகிறது, அதனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பைகள் மேலைநாட்டினருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டில் இருக்கும். ஆசியர்களான நமக்கு வலப்பக்கம், அதாவது பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்திலும் அதிலிருந்து மேலே போகும் ஏறு பெருங்குடலிலும் அதிகம். பாடப்புத்தகப் படத்தை நம்பி சிக்மாய்டைப் பார்த்துவிட்டு ஸ்கோப்பை வெளியே எடுத்துவிடக் கூடாது.

நோயாளி சொல்லும் கதை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். வயது அறுபதுக்கு மேல். வலி இல்லை. வயிறு லேசாகக் கலக்கியது, கழிவறைக்குப் போனேன், கட்டி கட்டியாக ரத்தம் போனது என்பார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் இருக்கும். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையும் இருக்கும். அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். 'வலிக்கு ஏதாவது போட்டீங்களா?' என்று தனியாகக் கேட்டால்தான் டைக்ளோஃபெனாக் வெளியே வரும். இன்னொன்று, நம் ஊரில் ஆசனவாயில் ரத்தம் என்றாலே மூலம், மூலச்சூடு. அதற்கு இரண்டு நாள் ஏதாவது மருந்து சாப்பிட்டுப் பார்த்து, மயக்கம் வந்த பிறகு வருகிறவர்கள் உண்டு. மூலமும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கிண்ணம் நிறைய ரத்தம் போயிருக்கும்போது மூலத்தைப் பார்த்தவுடன் திருப்தியாகிவிட வேண்டாம்.

ஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்

டைவர்டிகுல ரத்தக்கசிவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தானாகவே நின்றுவிடும். அந்த அவகாசத்தில் நோயாளியைத் தேற்றுவதுதான் முதல் வேலை. இரண்டு கைகளிலும் பெரிய வென்ஃப்ளான் (சலைனும் ரத்தமும் ஏற்றும் ஊசிக்குழாய்), 18 கேஜ் அல்லது அதைவிடப் பருமனாக. ரத்த வகை பார்த்து கிராஸ்மேட்ச் (பொருந்தும் ரத்தத்தைப் பார்க்கும் சோதனை) அனுப்புங்கள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றலாம். இதய நோயாளி என்றால் 8ஐ எல்லையாக வையுங்கள். முதல் ஹீமோகுளோபின் நல்லபடியாக வந்தால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சலைன் ஏறி ரத்தம் நீர்த்த பிறகுதான் உண்மையான இழப்பு தெரியும்.

நாடித்துடிப்பை மேல் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். சலைன் கொடுத்த பிறகும் 1ஐத் தாண்டினால், ரத்தமும் போய்க்கொண்டிருந்தால், அவருக்கு இப்போது தேவை சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன். கொலோனோஸ்கோபிக்குக் குடலைச் சுத்தம் செய்ய மணிக்கணக்கில் ஆகும். அவரிடம் அந்த நேரம் இல்லை. நிமிடத்துக்கு அரை மில்லி அளவுக்கு ரத்தம் கசிந்தாலே சி.டி.யில் தெரிந்துவிடும். எந்த இடத்தில் கசிகிறது என்று படத்தில் பார்த்துவிட்டால், ரேடியாலஜி நண்பர் ரத்தக்குழாய் வழியாகப் போய் அடைக்கலாம், அல்லது நாம் நேராக அந்த இடத்துக்கே ஸ்கோப்பைக் கொண்டுபோகலாம்.

அதோடு, இவ்வளவு வேகமாக ரத்தம் போகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது அது மேலே இருந்து, இரைப்பைப் புண்ணிலிருந்தோ சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்திலிருந்தோ வருவதாக இருக்கும். பி.பி. விழுந்த நோயாளிக்கு மேல் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து நிமிட வேலை.

மறுபக்கம், எல்லோரையும் அட்மிட் செய்யவும் வேண்டாம். ஓக்லாண்ட் ஸ்கோர் என்று ஒன்று இருக்கிறது. வயது, பாலினம், முன்பு இதே காரணத்துக்குச் சேர்ந்தாரா, விரல் பரிசோதனையில் ரத்தம் உண்டா, நாடி, பி.பி., ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் போட்டால் ஓர் எண் வரும். 8 அல்லது அதற்குக் கீழ் என்றால், வேறு சிக்கல் இல்லாதபட்சத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாள் குறித்து வரச்சொல்லி ஸ்கோப் பார்க்கலாம்.

எப்போது பார்ப்பது என்பதில் பழைய பாடம் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து டென்னிஸ் ஜென்சன் குழுவினர், அவசரமாகக் கொலோனோஸ்கோபி செய்து அங்கேயே வைத்தியமும் பார்த்தால் மறுபடி ரத்தம் போவதும் அறுவை சிகிச்சையும் குறைகின்றன என்று எழுதினார்கள். அதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு வந்த ஆய்வுகளில் 24 மணி நேரத்துக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2023இல் வந்த அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்கிறது. என் பழக்கம் என்னவென்றால், நள்ளிரவில் அரைகுறைக் குடலில் ஸ்கோப் விடுவதில்லை. ஆனால் குடல் சுத்தமாகிவிட்டால் மறுநாள் லிஸ்ட் வரை காத்திருப்பதும் இல்லை. ரத்தம் நின்று இரண்டு நாள் ஆன பையும் மற்றப் பைகளும் பார்வைக்கு ஒன்றாகிவிடும்.

பவுடர் தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் கலந்த தண்ணீர் 4 முதல் 6 லிட்டர், 3 முதல் 4 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். நாம் வழக்கமாக ஸ்கோப்புக்குக் கொடுக்கும் 2 லிட்டர் பாக்கெட் ஒன்று இதற்குப் போதாது. எனிமா கொடுத்துச் சமாளிக்கலாம் என்கிற யோசனையை விட்டுவிடுங்கள். வலப்பக்கப் பையை எனிமா சுத்தம் செய்யாது.

குளிரவைத்து, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் இறங்கும். முதல் டம்ளருக்கு முன், வாந்தி வராமலிருக்க ஒரு மெட்டோகுளோப்ரமைடு. வயதானவர்கள் மூன்றாவது டம்ளரில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் யூனிட்டில் ஒரு சிஸ்டர் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, 'பாட்டி, இது மருந்து இல்ல, உள்ள இருக்கிற ரத்தத்தக் கழுவுற தண்ணி. நீங்க குடிச்சாத்தான் டாக்டருக்குக் கண்ணு தெரியும்' என்பார். நான் அரை மணி நேரம் விளக்கினாலும் நடக்காதது அவர் சொன்னால் நடக்கும். முடியவே முடியாதவர்களுக்கு, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப். தலைப்பக்கத்தை உயர்த்தி, மெதுவாக, புரையேறாமல் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டும். நினைவு மங்கியவருக்கு டியூபில் லிட்டர் கணக்கில் ஊற்றுவது ஆபத்து, அவருக்கு சி.டி. வழிதான்.

போதும் என்று எப்போது சொல்வது? வெளியே வருவது கட்டியில்லாமல், வெளிர் மஞ்சளாக, அதிகபட்சம் லேசான சிவப்புச் சாயலோடு தண்ணீராக இருக்க வேண்டும். நோயாளியின் வாய்மொழியை மட்டும் நம்பாமல் நேரில் பாருங்கள். திராட்சை நிறத்தில் கட்டிகளோடு வந்தால் இன்னொரு லிட்டர்.

அந்த நேரத்தில் டிராலியைத் தயார் செய்துவிடலாம். ஸ்கோப் நுனியில் கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் கேப், சில மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்படி. கேப் இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பையின் உள்ளே பார்க்க வேறு வழி கிடையாது. வாட்டர் ஜெட் பம்ப் நிறையத் தண்ணீர். காற்றுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்ஸைடு இருந்தால் நல்லது. 1:1000 அட்ரினலின் ஆம்பூல் ஒன்றை எடுத்து, அதன் 1 மில்லியோடு 9 மில்லி சலைன் சேர்த்தால் 1:10,000 ஆகிவிடும். சிரிஞ்சில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஊசி. திறந்து மூடிச் சுழற்றக்கூடிய கிளிப்புகள். ஸ்னேர் என்கிற கம்பிச் சுருக்கு. பச்சை குத்தும் மை. டெக்னீஷியன் தம்பி கிளிப்பை வெளியே ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளட்டும். ரத்தம் பீறிடும்போது 'திற, திருப்பு, பொறு, மூடு' என்று நான்கு வார்த்தையில் பேசிக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும்.

தேடுவது

நேராக சீக்கம் வரை போங்கள். போகும் வழியிலேயே கழுவிக்கொண்டு போங்கள். பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் ஸ்கோப்பை நுழையுங்கள். அங்கே பித்த நிறத்தில் சுத்தமான தண்ணீர் இருந்தால், ரத்தம் பெருங்குடலில்தான் என்று முடிவு செய்யலாம். மேலேயிருந்து புது ரத்தம் இறங்கி வந்தால் சிறுகுடலை யோசிக்க வேண்டும். பெருங்குடலில் ரத்தம் பின்னோக்கியும் ஓடும். சிக்மாய்டில் கசிந்த ரத்தம் குறுக்குக் குடல் வரை போய்க் கிடக்கும். எனவே ரத்தம் கிடக்கும் இடத்தை வைத்துக் கசிவு இடத்தை முடிவு கட்டாதீர்கள்.

வெளியே வரும்போதுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு பையின் வாயிலும் கேப்பை வைத்து, தண்ணீர் பீய்ச்சி, மெதுவாக உறிஞ்சினால் பை உள்பக்கம் திரும்பி அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியும். பார்த்தாயிற்று என்றால் அடுத்தது. முப்பது பை இருந்தால் முப்பதும். ரத்தம் தேங்கி மறைத்தால் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கலாம். குட்டை நகர்ந்து, மறைந்திருந்த சுவர் வெளியே வரும்.

என்ன தேடுகிறோம்? பீறிடும் அல்லது கசியும் ரத்தம், பிதுங்கி நிற்கும் ரத்தக்குழாய், கழுவினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ரத்தக்கட்டி. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் அது குற்றவாளிப் பை. சுத்தமான பைகள் மட்டுமே இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால், 'டைவர்டிகுலத்திலிருந்து வந்திருக்கலாம்' என்று எழுதிவிட்டு வெளியே வாருங்கள். சந்தேகத்தின் பேரில் நான்கைந்து பைகளுக்குக் கிளிப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. நோயாளிக்குச் செலவு, பலன் இல்லை. அடுத்த முறை ரத்தம் வந்தால் பார்க்கிறவருக்குக் குழப்பம்.

அப்படிக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடும் எழுபது வயது அம்மா. கூடவே முட்டிவலி மாத்திரை. ஏறு பெருங்குடலில், ஈரல் வளைவுக்குச் சற்றுக் கீழே, ஏழெட்டுப் பைகள் கொத்தாக. ஒன்றின் வாயில் மட்டும் கறுப்புச் சிவப்பாக ஒரு கட்டி. முதல் பார்வைக்கு மலத்துணுக்கு என்றுதான் தோன்றியது. அரை நிமிடம் ஜெட் அடித்தும் அசையவில்லை. நுனி மட்டும் தண்ணீரில் ஆடியது. பக்கத்திலேயே, பையின் வாயிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, அடையாளத்துக்கு ஒரு கிளிப் போட்டோம். பிறகு கழுத்தைச் சுற்றி அட்ரினலின் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் 3 மில்லி. கட்டியின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, மின்சாரம் இல்லாமல் ஸ்னேரால் வெட்டினோம். கேப்பால் உறிஞ்சியதும் அடிப்பகுதி புரண்டு வந்தது. நடுவில் இல்லை, ஓர் ஓரமாக, குண்டூசித் தலையளவில் சிவந்த ஒரு மேடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் கேப்பின் உள்சுவரில் அடித்தது. கேப்புக்குள்ளேயே கிளிப்பைத் திறந்து, அந்த மேட்டைப் பிடித்து மூடினோம். கோடு நின்றுவிட்டது.

நிறுத்துவது

மேலே சொன்னதில் அடையாளக் கிளிப்பை ஏன் முதலில் போட்டோம் என்று கேட்பீர்கள். குடல் சுருங்கும், நோயாளி இருமுவார், ஸ்கோப் வழுக்கிப் பின்னால் வரும். திரும்பப் போனால் எந்தப் பை என்று தெரியாது. அடையாளம் இருந்தால் நேரே போகலாம். எல்லாம் தோற்று ரேடியாலஜிக்கு அனுப்ப நேர்ந்தாலும், எக்ஸ்ரே திரையில் அந்த உலோகத் துண்டு அவர்களுக்கு வழிகாட்டும்.

அட்ரினலின் தற்காலிகம். சுருங்கிய குழாய் மருந்து கரைந்ததும் விரியும். பார்வையைத் தெளிவாக்கிக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, உடனே கிளிப்போ பேண்டோ (இறுக்கும் ரப்பர் வளையம்) போட்டுவிடுங்கள்.

கிளிப்பை முடிந்தவரை குழாயின் மேலேயே போடுங்கள். பையின் வாயை ஜிப் இழுப்பதுபோல வரிசையாகக் கிளிப் போட்டு மூடும் முறையும் உண்டு. வாய் குறுகலாக இருந்து உள்ளே போகவே முடியாதபோது வேறு வழியில்லை. ஆனால் தமனி அடிப்பகுதியில் இருந்தால், வாயை மூடியதால் அது அடைபடுவதில்லை. நேரடியாகக் குழாயைப் பிடித்த கிளிப்புக்குத்தான் மறுபடி ரத்தம் போவது குறைவு என்பது ஜப்பானியர்களின் பெரிய தொகுப்பு ஆய்விலும் தெரிந்திருக்கிறது.

சூடு வைப்பதைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பையின் அடியில் தசை கிடையாது. அங்கே பைபோலார் (மின்சாரத்தால் சூடு வைக்கும் கருவி) வைத்தால் ஓட்டை விழும். கழுத்தில், தசையின் விளிம்பில் இருக்கும் குழாய்க்கு மட்டும், 10 முதல் 15 வாட், மெல்ல அழுத்தி ஓரிரு நொடி. வலப்பக்கக் குடலில் சுவர் இன்னும் மெல்லியது. அங்கே கிளிப் இருக்கும்போது எனக்குச் சூட்டை நினைக்கவே தோன்றுவதில்லை.

பேண்ட் போடும் முறையை வளர்த்தெடுத்தவர்கள் ஜப்பானியர்கள். நாம் உணவுக்குழாய் வேரிசீஸுக்கு (வீங்கிய சிரைகளுக்கு) வைத்திருக்கும் அதே தத்துவம்தான். பையைக் கண்டதும் பக்கத்தில் அடையாளக் கிளிப் அல்லது மை. ஸ்கோப்பை வெளியே எடுத்து, பேண்ட் செட்டை மாட்டிக்கொண்டு திரும்ப அங்கே போக வேண்டும். பையைக் கேப்புக்குள் முழுவதுமாக உறிஞ்சி, அது புரண்டு உள்ளே வந்ததை உறுதி செய்த பிறகே பேண்டை விட வேண்டும். அப்படி விழுந்த பேண்ட், தமனியையும் சேர்த்து இறுக்கிவிடுகிறது. பையே சில நாளில் உதிர்ந்துவிடும். மறுபடி ரத்தம் போவது கிளிப்பைவிட இதில் குறைவு என்றே ஒப்பீடுகள் சொல்கின்றன. அப்படியென்றால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே? சிக்கல் என்னவென்றால், நம்மிடம் இருக்கும் செட் பெரும்பாலும் இரைப்பையைப் பார்க்கும் காஸ்ட்ரோஸ்கோப்புக்கு ஏற்ற அளவு. காஸ்ட்ரோஸ்கோப்பைக் கொண்டு சிக்மாய்டையும் இறங்கு குடலையும் எட்டலாம். நமக்கு அதிகம் வரும் வலப்பக்கத்துக்கு அது பெரும்பாலும் எட்டாது. கொலோனோஸ்கோப்பில் பொருந்தும் செட் இருக்கிறதா என்று முன்கூட்டியே, ரத்தமில்லாத ஒரு சாதாரண நாளில் மாட்டிப் பாருங்கள். பை பெரியதாக, வாய் சின்னதாக, அல்லது தழும்பாகி இறுகி இருந்தால் உறிஞ்சி வராது. வலுக்கட்டாயம் வேண்டாம், கிளிப்புக்குத் திரும்புங்கள். அரிதாகப் பின்னாளில் பை அழற்சியோ ஓட்டையோ வந்ததாகவும் பதிவுகள் உண்டு. பேண்ட் போட்டவருக்கு வயிற்றுவலியோ காய்ச்சலோ வந்தால் அலட்சியம் கூடாது.

ரத்தம் நிறுத்தும் பவுடர் கடைசிக் கைப்பிடி. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒட்டும். தூவிய பிறகு வேறெதுவும் தெரியாது.

எந்த முறையானாலும், முடித்த பிறகு தண்ணீர் அடித்து ஐந்து நிமிடம் அங்கேயே நின்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் நேரத்தைக் கரைக்காமல் ரேடியாலஜிக்கு. கசியும் சிறு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து காயில் (நுண்ணிய உலோகச் சுருள்) வைத்து அடைப்பார்கள். அதுவும் முடியாதபோதுதான் அறுவை. இடம் தெரியாமல் வெட்டப் போனால் எந்தப் பகுதியை எடுப்பது என்பதே கேள்வியாகிவிடும். இடம் கண்டுபிடிக்க இத்தனை பாடுபடுவது இதற்காகவும்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது

முட்டிவலி மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பத்து நாளில் மறுபடி வாங்குவார்கள், வலி இருக்கிறதே. பாராசிட்டமால், பிசியோதெரபி, எலும்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் என்று மாற்றைக் கையில் கொடுங்கள். ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் அதைத் தொடர வேண்டும். வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது என்று தற்காப்புக்காக மட்டும் சாப்பிடுகிறவர் விட்டுவிடலாம். இரண்டு ரத்த மெலிப்பான்கள் சாப்பிடுகிறவருக்கு, இதய மருத்துவரிடம் பேசாமல் இரண்டையும் ஒருசேர நிறுத்திவிடாதீர்கள். வார்ஃபரின் போன்றவற்றைப் பெரும்பாலும் ஒரு வார அளவில் திரும்பத் தொடங்கலாம், அதையும் அவரோடு பேசியே.

கொய்யா விதை, தக்காளி விதை, வேர்க்கடலை எல்லாம் பையில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயமுறுத்தி அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில், 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து வெளியிட்ட ஆய்வில், கொட்டைப் பருப்பு, சோளம், பாப்கார்ன் சாப்பிட்டதால் ரத்தக்கசிவு கூடவில்லை. தாராளமாகச் சாப்பிடட்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'டைவர்டிகுலோசிஸ், கிளிப் போடப்பட்டது' என்று ஒரு வரியோடு முடிக்காதீர்கள். எந்தப் பகுதி, பையின் கழுத்தா அடியா, என்ன அடையாளம் பார்த்தீர்கள், எத்தனை கிளிப், எந்தக் கம்பெனி, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, மை குத்தினீர்களா, புகைப்படம். மறுபடி ரத்தம் வரக்கூடும் என்பதையும், வந்தால் மூலம் என்று நினைத்து வீட்டில் காத்திருக்காமல், இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு உடனே வர வேண்டும் என்பதையும் கூட வந்திருக்கும் மகனிடமோ மருமகளிடமோ வாயால் சொல்லி, சீட்டிலும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.